சவுண்டு சர்வீஸ்காரருக்குச் சேர வேண்டிய மன்னிப்பு

பசங்களா, உங்கள் அப்பாவாகிய நான் ஒருமுறை, வேறொருவருக்குச் சேர வேண்டிய மன்னிப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தெரியாமல்தான் வாங்கினேன். ஆனாலும் வாங்கியது வாங்கியதுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது உங்கள் அம்மா சொன்னது நினைவிருக்கிறதா?

"ஊர்ல இருக்கிறவங்க மன்னிப்பெல்லாம் வாங்கினு வரத் தெரியுது. ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கினு வரத் தெரியல."

நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கொத்தமல்லிக்காகச் சிரித்தீர்களா, மன்னிப்புக்காகச் சிரித்தீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஏனாத்தூரில் காலேஜ் பிள்ளைகளுக்கு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது. அது பாதி வேலை. செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுப் பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கும் சமரச அறைக்குப் போவேன். அது மீதிப் பாதி. அதைத்தான் நீங்கள் பள்ளிக்கூடத்தில் "எங்கப்பா சண்டை போடறவங்களோட உக்காந்து டீ குடிப்பாரு" என்று சொல்லியிருக்கிறீர்கள். தப்பில்லை. ஆனால் டீக்கு நடுவில் கொஞ்சம் வேலையும் உண்டு.

ஒருவர் இன்னொருவருக்குத் தப்புச் செய்துவிடுகிறார். கொலை, கொள்ளை அளவுக்கு இல்லை. அடித்துவிட்டார், உடைத்துவிட்டார், தூக்கிக்கொண்டு போய்விட்டார், அந்த மாதிரி. வழக்குப் பதிவதற்கு முன்னால், இரண்டு பேரும் சம்மதித்தால் ஸ்டேஷனிலிருந்து எங்களிடம் அனுப்புவார்கள். நாங்கள் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைப்போம். நாங்கள் நீதிபதியும் இல்லை, வக்கீலும் இல்லை. தீர்ப்புச் சொல்ல மாட்டோம். மூன்று கேள்வி கேட்போம். என்ன நடந்தது? அதனால் யாருக்கு என்ன பாதிப்பு? அதைச் சரி செய்ய என்ன செய்யலாம்? அவ்வளவுதான். மூன்று கேள்வி கேட்பதற்கு எனக்கு ஆறு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பத்தாவதோடு நின்றவன் நான். ஆறு நாளும் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அறை ஒரு பட்டுக் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. கடைக்கும் எங்களுக்கும் ஒரே வாசல். வெளியூரிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் படி மாறி மேலே ஏறி வந்துவிடுவார்கள். வட்டமாகப் போட்ட நாற்காலிகளைப் பார்த்ததும் மரியாதையாக உட்கார்ந்து, கூல்டிரிங்ஸ் வரும் என்று காத்திருப்பார்கள். ஒருமுறை ஒரு குடும்பமே ஒரு மண்டை உடைந்த வழக்கை முழுசாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க, புடவை எப்ப காட்டுவீங்க?" என்று கேட்டது.

நடுவில் ஒரு மேசை. மேசையில் டிஷ்யூ பெட்டி. பேசும்போது யாராவது அழுதால் துடைத்துக்கொள்ள டிஷ்யூ வைக்க வேண்டும் என்பது பயிற்சியில் சொன்னது. நம் ஊரில் அழுகிறவர்கள் துண்டில் துடைத்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் முந்தானையில். டிஷ்யூ முழுவதும் வடை எண்ணெய்க்குத்தான் போனது. அதற்கு நானும் ஒரு காரணம்.

எங்களுக்கு மேலே இருப்பவர் ஒரு மேடம். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், இதற்கென்றே காலேஜில் படித்தவர். என்னை "அண்ணா" என்பார். நான் "மேடம்" என்பேன். தப்புச் செய்தவருக்கு நீல ஃபாரம், பாதிக்கப்பட்டவருக்கு மஞ்சள் ஃபாரம் என்று பிரித்து வைத்தவர் அவர்தான். இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பவன் நான்.

இனி வழக்குக்கு வருகிறேன்.

ஐயம்பேட்டையில் ஒரு சவுண்டு சர்வீஸ்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோளில் எப்போதும் ஒரு சிவப்புத் துண்டு. அவரிடம் பெரிய பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் உண்டு. ஆனால் அம்மன் கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஒரு பழைய குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவார். ஊமத்தம்பூ மாதிரி வாய் விரிந்திருக்குமே, அது. அதே தெருவில் ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர். முப்பது முப்பத்திரண்டு வயது. விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் டிரிப் அவருடையது. ஆடி மாதத் திருவிழாவில் அந்தக் குழாய் அவர் வீட்டு ஜன்னலைப் பார்த்து மூன்று நாள் பாடியது. மூன்று நாளும் அவர் தூங்கவில்லை. நான்காம் நாள் ஆட்டோ எடுக்கப் போகும் முன், மூங்கிலில் ஏறி, குழாயைக் கழற்றி, ஊர்க் குட்டையில் போட்டுவிட்டு, அதன் பிறகு நிம்மதியாக முதல் டிரிப் அடித்தார். அந்த டிரிப்பில் வந்தவர்கள் எல்லாரிடமும் தானே சொல்லியும் விட்டார். அதனால் ஸ்டேஷனில் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

இதில் சிரிக்கிற மாதிரி இல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஷேர் ஆட்டோ ஓட்டுவதற்கு பேட்ஜ் வேண்டும். சட்டையில் குத்திக்கொள்கிற வில்லை. அவருடைய பேட்ஜைப் புதுப்பிக்கும் நேரம் அது. இவர் மேல் வழக்கு எதுவும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து காகிதம் போனால்தான் கிடைக்கும். "வர வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை சாயந்திரம். அதுக்குள்ள அவரு மனுவ வாபஸ் வாங்கலைன்னா கேஸ்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பேட்ஜ் போனால் ஆட்டோ நிற்கும். ஆட்டோ நின்றால் அவரும் அவர் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அப்படியே நிற்க வேண்டியதுதான். அவருக்கு வேறு தொழில் தெரியாது. சத்தமாகப் பேசுவது தவிர.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. நேருக்கு நேர் சந்திப்பதற்கு முன்னால் ஒத்திகை பார்ப்போம். தப்புச் செய்தவர் ஒரு நாற்காலியில் உட்காருவார். எதிர் நாற்காலியில், பாதிக்கப்பட்டவர் மாதிரி எங்களில் ஒருவர் உட்காருவார். கோபமாக நாலு கேள்வி கேட்பார். தப்புச் செய்தவர் ஓடிப் போகாமல் பதில் சொல்லப் பழக வேண்டும். ஆனால் இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மன்னிப்பு என்ற இடம் வரும்போது கையைத் தூக்கி ஒத்திகையை நிறுத்திவிட வேண்டும். அந்த வார்த்தை உரியவருக்கு முன்னால்தான் முதல் தடவையாக வெளியே வர வேண்டும். "கல்யாணப் புடவையை முந்தின வாரமே உடுத்திப் போட்டுட்டு, அன்னிக்கு மடிச்சு எடுத்துக்கினு வருவாங்களா அண்ணா?" என்று மேடம் கேட்பார். வர மாட்டார்கள் என்று நானும் தலையாட்டியிருக்கிறேன்.

முதல் வெள்ளிக்கிழமை ஒத்திகை. மேடம் ஒரு கூட்டத்துக்குச் சென்னை போயிருந்தார். நானும் டிரைவரும் மட்டும். கீழே கடையில் சொல்லி டீயும் வடையும் வாங்கி வைத்தாயிற்று.

சின்ன வயதில் எங்கள் ஊர்க் கூத்தில் எனக்குக் காவல்காரன் வேஷம் கொடுத்தார்கள். இரவு முழுவதும் ஈட்டியோடு நிற்க வேண்டும், வசனம் கிடையாது. முப்பது வருடமாக அந்த வசனம் எனக்குள் சேர்ந்து கிடந்தது போலிருக்கிறது. டிரைவரின் துண்டை வாங்கித் தோளில் போட்டேன். சவுண்டு சர்வீஸ்காரர் மாதிரி பேண்ட்டையே வேட்டியாக நினைத்து மடித்துக் கட்டுகிற பாவனை செய்தேன்.

"டேய்! இன்னாடா பாவம் பண்ணிச்சு என் கொழா? உன்ன கடிச்சுதா? உன் சோத்துல மண்ணப் போட்டுச்சா?" என்று ஆரம்பித்தேன்.

டிரைவர் முதலில் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"பாடறதுக்குன்னே பொறந்த வாய்டா அது! அந்த வாயில தண்ணிய ஊத்திட்டியேடா!"

இது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. என் கண் கலங்கியது. அதைப் பார்த்து டிரைவர் கண்ணும் கலங்கியது. நாற்காலியை விட்டு எழுந்தார். "தப்புதாண்ணா. தெரியாம பண்ட்டேண்ணா. மன்னிச்சிடுண்ணா" என்று தேம்பித் தேம்பி அழுதார். என் காலைத் தொட்டார்.

கை தூக்க வேண்டிய இடம் அதுதான், பசங்களா. நானும் கையைத் தூக்கினேன். ஆனால் அவரைத் தூக்கிவிடுவதற்காகத் தூக்கினேன்.

"எழுந்திருப்பா. மன்னிச்சிட்டேன். மன்னிச்சிட்டேன் போ" என்று கட்டிப் பிடித்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேரும் வடை சாப்பிட்டோம். டிஷ்யூ பெட்டி அன்றோடு காலி. நீல ஃபாரத்தில், ஒத்திகை எப்படி நடந்தது என்ற இடத்தில் "மிகமிகச் சிறப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை சந்திப்பு. சவுண்டு சர்வீஸ்காரர் அன்றைக்கு ஒரு கல்யாண ஆர்டரை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார். சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, சிவப்புத் துண்டைத் துவைத்து மடித்துப் போட்டிருந்தார். மன்னிப்பு வாங்குவதற்கென்றே தயாராகி வந்திருந்தார் என்பது அந்தத் துண்டைப் பார்த்தாலே தெரிந்தது.

மேடம் முதல் கேள்வியைக் கேட்டார். என்ன நடந்தது என்று டிரைவர் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார். மூங்கில், குழாய், குட்டை, முதல் டிரிப். எங்கும் தடங்கல் இல்லை.

"சரிங்க அண்ணா. இப்ப நீங்க அவர்கிட்ட ஏதாவது சொல்லணும்னு நினைக்கிறீங்களா?" என்றார் மேடம்.

"அதான் சொல்லிட்டேனே மேடம்."

"எப்ப சொன்னீங்க?"

"வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன். சார்கிட்ட. அழுதேன் கூட. சார் மன்னிச்சிட்டாரு. கட்டிப் புடிச்சாரு."

மேடம் என்னைப் பார்த்தார். நான் டிஷ்யூ பெட்டியைப் பார்த்தேன்.

"யாரு மன்னிச்சிட்டாரு?" என்றார் சவுண்டு சர்வீஸ்காரர்.

"இந்த சார்."

"கட்டியும் புடிச்சாரா?"

"ஆமாண்ணா. வடையும் வாங்கிக் குடுத்தாரு."

மேடம் அவசரமாக, "அது ஒத்திகைதான். இப்ப நெஜமா சொல்லுங்க அண்ணா" என்றார். டிரைவர் நல்லவர். முயற்சி செய்தார். கண்ணை மூடினார், மூச்சை இழுத்தார், "மன்னிச்சிடுங்க" என்றார். பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டு என்று கூப்பிடுகிற அதே குரல். அவருக்கே அது பிடிக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். அது இன்னும் மோசம்.

"வரலண்ணா. வெள்ளிக்கிழமை சூப்பரா வந்துது. நீ பாத்திருக்கணும்" என்றார்.

சவுண்டு சர்வீஸ்காரர் எழுந்துவிட்டார். டிரைவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"அவன் என் கொழாயத் தூக்கினான். சின்னப் பையன், தூக்கம் வரல, தூக்கினான். எனக்கு வர வேண்டிய மன்னிப்ப நீ தூக்கிக்கினியேயா! என் கொழாய்க்காக மன்னிக்கறதுக்கு நீ யாருயா? ஒரு நாள் அதுக்கு வயர் புடிச்சிருக்கியா நீ?"

அப்படியே படியிறங்கிப் போய்விட்டார். மஞ்சள் ஃபாரத்தில் கையெழுத்துப் போடவில்லை. மனுவும் வாபஸ் ஆகவில்லை. டிரைவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டையில் குத்தியிருந்த பழைய பேட்ஜைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துத் துடைத்து, மறுபடியும் குத்திக்கொண்டார். "இன்னும் மூணு நாளு சார்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உடனே ஐயம்பேட்டைக்குப் போய் சவுண்டு சர்வீஸ்காரர் காலிலேயே விழுந்துவிடுகிறேன் என்று மேடத்திடம் சொன்னேன்.

"போகக் கூடாது அண்ணா. அவரு சம்மதம் இல்லாம தப்பு செஞ்ச தரப்பு நேர்ல போகக் கூடாது. நம்ம விதிதான்."

"யாரு மேடம் தப்பு செஞ்ச தரப்பு?"

மேடம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு நீல ஃபாரத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் எடுத்த ஜெராக்ஸ். ஓரத்தில் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

அந்தக் கேள்விகளை எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன்! என்னிடம் கேட்டபோதுதான் அது எவ்வளவு எரிச்சலான ஃபாரம் என்று தெரிந்தது.

"அந்த நேரத்துல உங்க மனசுல என்ன ஓடிச்சு அண்ணா?"

"நல்லா நடிக்கிறோமேன்னு ஓடிச்சு மேடம்."

"அப்புறம்?"

"வடை ஆறிப் போவுதேன்னு ஓடிச்சு."

இரண்டையும் எழுதிக்கொண்டார். அடிக்கோடு வேறு போட்டார்.

பிறகு அவர் சவுண்டு சர்வீஸ்காரருக்குப் போன் செய்து, இன்னொரு சந்திப்புக்கு வருவீர்களா என்று கேட்டார். வரமாட்டேன் என்றவர், கொஞ்ச நேரம் கழித்து அவரே திருப்பிக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். ஆனால் நான் எதிர் நாற்காலியில் உட்கார வேண்டும்.

"நீயும் நடுவுல உக்காரக் கூடாதும்மா. நீ அந்தாளோட ஆபீஸ். அந்த ஆட்டோக்காரப் பையன் உக்காரட்டும். அன்னிக்கு கூட இருந்தவன் அவன் ஒருத்தன்தான்."

மேடம் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். தப்புச் செய்தவர் நடுவர் ஆகக் கூடாது என்று எங்கேயும் போடவில்லை. போட வேண்டிய அவசியம் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. ஸ்டேஷன் கெடு முடிய மூன்று மணி நேரம். டிரைவர் காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, தலையில் தண்ணீர் தொட்டு வாரி, நடு நாற்காலியில் உட்கார்ந்தார். மேடம் கதவோரம் நோட்டுடன் உட்கார்ந்தார். எனக்கு நீல ஃபாரக்காரர்கள் உட்காரும் நாற்காலி. அதில் ஒரு கால் குட்டை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூன்று வருடமாக எத்தனை பேர் அதில் ஆடிக்கொண்டே மன்னிப்புக் கேட்டிருப்பார்கள்!

டிரைவர் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க ரெண்டு பேரும். காத்து வரட்டும். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் நடுவுல ஏறக் கூடாது. எறங்கறதும் கூடாது. சரியா?"

சரி என்றோம்.

"சார், இன்னா நடந்துச்சு? சுருக்கமா சொல்லு, பின்னாடி ஆளு நிக்குது."

பின்னால் யாரும் நிற்கவில்லை. வழக்கமாக வருகிற வார்த்தை, வந்துவிட்டது. நான் சொன்னேன். கூத்து, காவல்காரன் வேஷம், துண்டு, கண்ணீர், வடை எல்லாவற்றையும் சொன்னேன். "அவரு பேர்ல நான் மன்னிச்சிருக்கக் கூடாது" என்றேன். சவுண்டு சர்வீஸ்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவர் அவர் பக்கம் திரும்பினார். "அண்ணா, சார் பண்ணதுல உனக்கு இன்னா பாதிப்பு? கொழா வெவகாரத்த விடு, அது வேற ரூட்டு."

"அத எப்பிடிடா விடறது? எல்லாம் ஒரே ரூட்டுதான்" என்றார் அவர். துண்டை எடுத்து மடியில் வைத்தார்.

"எனக்கு இருபத்திரண்டு வயசு அப்ப. ஊர்ல திருவிழான்னா கொழாய ஊர்ப் பக்கமா பாத்துதான் கட்டுவாங்க. நம்ம தெருவுக்கு அதோட முதுகுதான். காத்தடிச்சா ஒரு வரி கேக்கும். காத்து நின்னா பாட்டு நின்னுடும். அடுத்த வரி இன்னாவா இருக்கும்னு நாங்க பசங்க எங்களுக்குள்ளயே பந்தயம் கட்டுவோம். அப்புறம் நான் ரெண்டு வருஷம் கட்டட வேலைக்குப் போயி, அந்தக் கொழாய வாங்கினேன். அதான் மொதல் கொழா. வாங்கி, நம்ம தெருவப் பாத்து திருப்பிக் கட்டினேன். மொத தபாவா ஒரு பாட்டு முழுசா வந்துது. தெருவே வெளிய வந்து நின்னுச்சு. நீ கைக்கொழந்த அப்ப."

டிரைவர் நடுவர் என்பதையே மறந்துவிட்டார்.

"எங்கம்மா சொல்லும்ணா. ஒரு பாட்டு முழுசா கேட்டோம்னு சொல்லும். எந்தக் கொழான்னு சொன்னதில்ல."

"அதேதான்."

"என் வீட்டப் பாத்து கட்டிட்டான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேனே நான்."

"உன் வீட்டப் பாத்துதாண்டா கட்டினேன். முப்பது வருஷமா உன் வீட்டப் பாத்துதான் கட்டறேன்."

டிரைவர் வாயைத் திறந்தார். ஷேர் ஆட்டோ குரல் வரவில்லை. எனக்கே சரியாகக் கேட்காத மாதிரி மெதுவாக, "தெரியாதுண்ணா. எனக்குத் தூக்கம் வரலன்றது மட்டும்தான் தெரிஞ்சுது. குட்டையில போட்டுட்டேண்ணா அத. மன்னிச்சிடு" என்றார். காலில் விழவில்லை. தேம்பவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. டிஷ்யூ பெட்டியில் கையை விட்டார். உள்ளே ஒன்றும் இல்லை. வடை நினைவு வந்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். சவுண்டு சர்வீஸ்காரர் தன் சிவப்புத் துண்டை நீட்டினார்.

சரியாக அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வெளியூர் அம்மா ஒருவர் உள்ளே வந்தார். கையில் சாம்பிளுக்கு ஒரு ஜாக்கெட் துணி. பின்னால் அவர் வீட்டுக்காரர். "அரக்குக் கலர்ல, மயில் பார்டர் போட்டது இருக்குங்களா?" என்று கேட்டவர், அழுதுகொண்டிருந்த டிரைவரைப் பார்த்து அப்படியே நின்றார். வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, வெலையக் கேட்டுட்டு அந்தத் தம்பி அழுவுது. நான் அப்பவே வேற கடைக்குப் போலாம்னேன்" என்றார். இரண்டு பேரும் இறங்கிப் போய்விட்டார்கள்.

முதலில் சிரித்தது சவுண்டு சர்வீஸ்காரர்தான். பிறகு டிரைவர், துண்டுக்குள்ளிருந்து. மேடம் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

"குடும்மா அந்த மஞ்சள் காயிதத்த" என்றார் சவுண்டு சர்வீஸ்காரர். கையெழுத்துப் போட்டார். சரி செய்ய என்ன செய்யலாம் என்ற மூன்றாவது கேள்வியை டிரைவர் தன்னிடமே கேட்டுக்கொண்டு, தானே பதிலும் சொன்னார். குழாயை அவரே குட்டையில் இறங்கி எடுத்துக் கொடுப்பார். சவுண்டு சர்வீஸ்காரரும் ஒன்று ஒப்புக்கொண்டார். குழாய் தெருவைப் பார்த்தே இருக்கும், ஆனால் பத்து மணிக்கு வாயை மூடும். "பத்துக்கு மேல போடறது சட்டப்படியும் தப்புதான். இந்த மேடம் மொத நாளே சொல்லிச்சு. நான்தான் காதுல வாங்கல."

நான் மெதுவாக எழுந்தேன்.

"நீ எங்க போற? உன்து இன்னும் முடியல" என்றார் என்னைப் பார்த்து. "இவன் திருப்பிக் குடுத்துட்டான். நீ தூக்கினத நீ எப்ப திருப்பிக் குடுப்ப? கொழா வரட்டும். அதுலயே சொல்லு."

மணி ஐந்து. மேடம் தவிர நாங்கள் மூன்று பேரும் ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். வழியில் பஸ் ஸ்டாண்டில் கை காட்டின நாலு பேரை டிரைவர் ஏற்றிக்கொண்டார். "கெடு முடியப் போவுதுடா!" என்று சவுண்டு சர்வீஸ்காரர் கத்தினார். "அதே ரூட்டுதாண்ணா" என்றார் இவர். அந்த நாலு பேரும் கேட்டுக்கொண்டிருக்க, கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஐந்து நாற்பதுக்கு மனு வாபஸ் ஆனது.

மறுநாள் காலை நானும் டிரைவரும் குட்டையில் இறங்கினோம். நான் இறங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கரையில் நிற்க வெட்கமாக இருந்தது. சவுண்டு சர்வீஸ்காரர் கரையில் நின்று, மைக்கில் பேசுவது மாதிரியே, "இடது பக்கம் வரவும். இன்னும் இடது பக்கம் வரவும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ஒற்றைச் செருப்பு வந்தது. பிறகு ஒரு டயர். அதற்குப் பிறகு குழாய். உள்ளே கையை விட்டுச் சேற்றை எடுத்தபோது ஒரு கெளுத்தி மீன் என் கட்டை விரலில் முள்ளை ஏற்றிவிட்டது. உங்கள் அம்மா மஞ்சள் வைத்துக் கட்டியது அந்த விரலுக்குத்தான். ஆபீஸில் அடிபட்டது என்று நான் சொன்னது பாதி உண்மை.

குழாயைக் கழுவி, காய வைத்து, பின்னால் சத்தத்தை உண்டாக்கும் யூனிட்டைப் பிரித்து மாட்டினார் அவர். பாடியது. ஆனால் எதைப் பாடினாலும் வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளித்துக்கொண்டு பாடுவது மாதிரி இருந்தது. அதை மாற்ற முடியவில்லை.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினார்கள். நீங்கள் இரண்டு பேரும் தூக்குச் சட்டியோடு முன்னால் நின்றீர்கள். மேடமும் வந்திருந்தார், கையில் என் வழக்குக்கான மஞ்சள் ஃபாரத்தோடு. குழாய் மூங்கிலில் ஏறி அந்தத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கீழே ஷேர் ஆட்டோ. டிரைவர் சட்டையில் புது பேட்ஜ். வெயிலில் அது பளபளப்பதற்காகவே அவர் வெயிலில் நின்றார்.

என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். எழுதி வைத்திருந்ததைப் படித்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம். சவுண்டு சர்வீஸ் அண்ணனுக்குச் சேர வேண்டிய மன்னிப்பை நான் தவறுதலாக வாங்கிக்கொண்டேன். அதை இந்த அம்மன் முன்னால் அவரிடமே திருப்பித் தருகிறேன். அவர் பேரில் மன்னிக்க எனக்கு உரிமை இல்லை. என்னை மன்னிக்க வேண்டும்."

குழாய் கொளகொளவென்றது. கூழ் வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "யாருப்பா அது, தண்ணிக்குள்ளருந்து பேசறது?" என்று கேட்டார். உங்கள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை வைத்துத்தான் சிரிக்கிறாள் என்று கண்டுபிடித்தேன்.

சவுண்டு சர்வீஸ்காரர் காதில் கை வைத்துக்கொண்டு, "சரியா வுழல. இன்னொரு தபா" என்றார்.

இன்னொரு தடவை படித்தேன்.

"கடைசி வரி கேக்கல."

மூன்றாவது தடவையும் படித்தேன். அப்போது அவர் என்னருகே வந்து, மைக்கை என் கையிலிருந்து வாங்கி, சிவப்புத் துண்டால் துடைத்தார். "மொத தபாவே கேட்டுச்சுயா. போ, போயி கூழு குடி" என்றார்.

ஆட்டோ பக்கத்திலிருந்து டிரைவர் கத்தினார், "அண்ணா, இன்னொரு தபா சொல்லச் சொல்லுண்ணா! எனக்குக் கேக்கல!"